புதுப் பயிற்சியும் உடற்காயமும்

உடற்பயிற்சியால் விளையும் நன்மைகளை இன்று நீட்டி விளக்க வேண்டுவதில்லை. வயது வந்தோர் வாரந்தோறும் 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பை மேற்கொள்ள வேண்டும் என்றும், 5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடமேனும் ஓடியாட வேண்டும் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் 2020-ஆம் ஆண்டில் வரையறுத்தது. நம் நாட்டில் 2019 ஆகஸ்டு 29-ஆம் நாள் தொடங்கப்பெற்ற ‘ஃபிட் இந்தியா’ இயக்கம் இக்கருத்தைப் பள்ளிகளுக்கும் சிற்றூர்களுக்கும் எடுத்துச் சென்றுள்ளது.

நலம் நாடிப் பயில்வோர் ஒருபுறமிருக்க, பிழைப்பு நாடிப் பயில்வோரும் நம் நாட்டில் மிகப் பலராவர். இராணுவத் தேர்வில் 1.6 கிலோமீட்டர் ஓட்டம் உண்டு. பல மாநிலங்களில் வனக்காவலர் பணிக்கு வரும் ஆடவர் 25 கிலோமீட்டர் தொலைவை 4 மணி நேரத்தில் நடந்து முடிக்க வேண்டும். அறிவிப்பு வெளிவந்த மறுநாளே தார்ச்சாலையில் ஓடத் தொடங்கும் இவ்விளைஞர்களுக்குப் பயிற்சியாளர் என எவரும் இலர். காலில் வலி தோன்றினால் அவர்கள் முதலில் கேட்பது ஊரிலுள்ள உடற்கல்வி ஆசிரியரையோ, சுகாதாரப் பணியாளரையோதான். “பொறுத்துக்கொள், சரியாகிவிடும்” என்பதா, “நிறுத்து, மருத்துவரிடம் செல்” என்பதா? இரண்டும் சரியான விடைகளே. எந்த வலிக்கு எவ்விடை என்பதில்தான் ஒருவரது வேலையும், சில வேளைகளில் உயிரும் அடங்கியுள்ளன. அவ்விடையைக் கண்டறியும் வழிகளை இக்கட்டுரை விளக்குகிறது.

உறுப்புகள் ஒரே வேகத்தில் பழகுவதில்லை

பயிற்சி என்பது உடலுக்கு அளவாகச் சுமையேற்றி, அச்சுமைக்கேற்ப அது தன்னை வலுப்படுத்திக்கொள்ள இடங்கொடுப்பதாகும். ஆனால் எல்லா உறுப்புகளும் ஒரே காலத்தில் வலுப்பெறுவதில்லை. இதயமும் இரத்தவோட்டமும் சில நாள்களிலேயே மாறத் தொடங்குகின்றன. தசைகள் சில வாரங்களில் பழகிவிடுகின்றன. தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்களுக்கோ பல மாதங்கள் வேண்டும். எலும்பின் நிலை இன்னும் நுட்பமானது.

எலும்பு உயிருள்ள பொருளாகும். அதன்மீது புதிய சுமை விழும்போது, பழைய எலும்பை அரித்தெடுக்கும் உயிரணுக்கள் முதலில் செயற்படுகின்றன. இவ்வேலை ஏறத்தாழ 3 வாரங்கள் நிகழ்கிறது. அதன் பின்னரே புதிய எலும்பை ஆக்கும் உயிரணுக்கள் அவ்விடத்தை நிரப்பத் தொடங்குகின்றன. இதற்கு ஏறத்தாழ 3 மாதங்கள் ஆகும். பழுதான சுவரைப் புதுப்பிக்கும் கொத்தனார் முதலில் பழைய காரையைக் கொத்தி எடுப்பதைப் போன்றது இது. கொத்தி எடுத்த நிலையில் சுவர் முன்னிலும் மெலிந்தே நிற்கும். அவ்வேளையில் அதன்மேல் பாரம் ஏற்றினால் விரிசல் காணும்.

இதிலிருந்து ஓர் உண்மை பெறப்படும். மூச்சு வாங்குவது குறைந்து, தசை வலியும் நீங்கி, “பழகிவிட்டது, இனி தொலைவைக் கூட்டலாம்” என்ற துணிவு பிறப்பது பெரும்பாலும் மூன்றாம், நான்காம் வாரங்களில்தான். எலும்பு மெலிந்து நிற்பதும் அதே வாரங்களில்தான். ஆதலால் தொடக்க நாள்களைக் காட்டிலும் முதல் மாத முடிவும் இரண்டாம் மாதமுமே கூடுதலாகக் கண்காணிக்க வேண்டிய காலமாகும்.

இயல்பான வலி

பழக்கமில்லாத உழைப்புக்குப் பின் தசைகளில் வலி தோன்றுவது இயற்கை. அமெரிக்க உடலியல் அறிஞர் தியோடர் ஹஃப் இதனை ஆராய்ந்து, களைப்பால் உடனே தோன்றும் வலி வேறு, மறுநாள் தோன்றும் வலி வேறு என்றும், பின்னதற்குத் தசையினுள் ஏற்படும் நுண்ணிய கிழிவுகள் காரணமாகலாம் என்றும் 1902-ஆம் ஆண்டில் எழுதினார். தசையில் லாக்டிக் அமிலம் தங்குவதே இவ்வலிக்குக் காரணம் எனப் பலரும் நெடுங்காலம் கருதி வந்தனர். அது பொருந்தாது. அவ்வமிலம் பயிற்சி முடிந்து ஏறத்தாழ ஒரு மணி நேரத்திலேயே இரத்தத்திலிருந்து நீங்கிவிடுகிறது. வலியோ மறுநாள்தான் தலையெடுக்கிறது.

நீண்டுகொண்டே சுமை தாங்கும் தசைக்கே இவ்வலி மிகுதி. மலையேறுவதைவிட இறங்குவதும், பஸ்கி எடுக்கும்போது எழுவதைவிட உட்காருவதும் தொடையை நோகச் செய்வது இதனால்தான். இவ்வலிக்கென்று சில தன்மைகள் உண்டு. அது பயிற்சி முடிந்து 12 முதல் 24 மணி நேரத்தில் தொடங்கும். இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சமடையும். 5 முதல் 7 நாள்களுக்குள் நீங்கும். உழைத்த தசை முழுவதும் பரவி, இரு பக்கமும் ஏறத்தாழ ஒத்திருக்கும். மெல்ல நடந்தால் சற்று இளகும். அதே பயிற்சியை மீண்டும் செய்யும்போது முன்போல் வலிக்காது. இத்தகைய வலி உள்ளவர் அஞ்ச வேண்டுவதில்லை. ஓரிரு நாள் பயிற்சியைக் குறைத்துக்கொண்டால் போதும்.

காயத்தைக் காட்டும் ஐந்து கேள்விகள்

வலியோடு வருபவரிடம் பின்வரும் ஐந்து கேள்விகளைக் கேட்பது நன்று. இதற்குக் கருவி எதுவும் தேவையில்லை.

முதலாவது, வலி எங்கே உள்ளது? “காட்டு” என்றால் உள்ளங்கையால் தொடையைத் தடவிக் காட்டுபவருக்குப் பெரும்பாலும் தசை வலியே. ஒரு விரல் நுனியால் எலும்பின்மீது ஓரிடத்தைத் தொட்டு “இங்கே” என்பவரை ஐயுற வேண்டும். மூட்டு, எலும்பு, தசைநாண் ஆகியவற்றில் உள்ள வலி இயல்பான பயிற்சி வலியன்று.

இரண்டாவது, ஒரு பக்கமா, இரு பக்கமா? ஒரு காலில் மட்டும் தோன்றி நிலைக்கும் வலி காயத்தின் பக்கமே சாய்கிறது.

மூன்றாவது, எவ்வாறு தொடங்கிற்று? ஓடும்போதோ குதிக்கும்போதோ ‘படக்’கென்ற ஓசையுடன், அல்லது பின்னிருந்து எவரோ அடித்தாற்போன்ற உணர்வுடன் தொடங்கியிருப்பின், தசையோ நாணோ பந்தகமோ கிழிந்திருத்தல் கூடும். எலும்பையும் எலும்பையும் மூட்டில் பிணைத்து நிற்கும் கட்டே பந்தகம் எனப்படும்.

நான்காவது, நாளுக்கு நாள் எவ்வாறு உள்ளது? பயிற்சி வலி தேயும். காய வலி வளரும். முதலில் ஓட்டத்தின் முடிவில் மட்டும் தோன்றிய வலி, பின்னர் ஓட்டத்தின் நடுவிலும், அதன் பின்னர் தொடக்கத்திலேயும், இறுதியில் நடக்கும்போதும் படுத்திருக்கும்போதும் தோன்றுமாயின், அந்த வரிசையே நோயைக் கூறிவிடும்.

ஐந்தாவது, செயல் குன்றியுள்ளதா? நொண்டுதல், மூட்டை முழுதும் மடக்கவோ நீட்டவோ இயலாமை, வீக்கம், மரத்துப்போதல், பாரம் ஊன்றும்போது மூட்டு நழுவுதல் ஆகியவற்றுள் ஒன்று இருப்பினும் பயிற்சியை நிறுத்தி மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

எலும்பின் அயர்வு முறிவு

1855-ஆம் ஆண்டில் பிரஷ்யப் படை மருத்துவர் பிரைத்தாப்ட் என்பார், நெடுந்தொலைவு அணிநடை சென்ற படைவீரர்களின் பாதங்கள் அடிபடாமலேயே வலித்து வீங்குவதைக் குறித்து எழுதினார். காரணம் அப்போது விளங்கவில்லை. 1895-இல் ரோண்ட்கன் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்த பின்னர், 1897-இல் அவ்வீரர்களின் பாத எலும்புகள் முறிந்திருப்பது படத்தில் தெரியவந்தது. ஒரே அடியால் அன்றி, சிறு சுமை பல்லாயிரம் முறை விழுவதால் நேரும் இதனை அயர்வு முறிவு எனலாம். கம்பியை ஒரே மூச்சில் ஒடிக்க இயலாது. மடக்கி மடக்கி நிமிர்த்தினால் ஒடிந்துவிடும் அன்றோ?

புதிதாக ஓடுவோர்க்கு இது கணைக்கால் எலும்பிலும் பாதத்தின் நீள எலும்புகளிலும் மிகுதியாக வரும். கணைக்காலின் உட்புற விளிம்பில் ஒரு சாண் நீளம் பரவலாக வலித்தால் அது எலும்பைச் சூழ்ந்த திசுக்களின் எரிச்சலாக இருக்கலாம், ஓய்வில் தணியும். வலி ஓரிடத்தில் குவிந்து, அழுத்தினால் சுளீரென்று நோவதும், இரவிலும் தொடர்வதும் முறிவை நினைவூட்ட வேண்டும். கவட்டையிலோ இடுப்பின் முன்புறத்திலோ இத்தகைய வலி தோன்றி, காலூன்றும்போது மிகுமாயின், தொடையெலும்பின் கழுத்துப் பகுதி விரிந்திருக்கலாம். அதன்மேலும் ஓடினால் எலும்பு முழுதும் முறிந்து, அறுவை மருத்துவம் தேவைப்படும். அன்றே ஓட்டத்தை நிறுத்துதல் கட்டாயம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. முதல் இரண்டு மூன்று வாரங்களில் எடுக்கும் எக்ஸ்ரே படத்தில் அயர்வு முறிவு பெரும்பாலும் தெரிவதில்லை. “படத்தில் ஒன்றுமில்லை” என்ற சொல்லை நம்பி மீண்டும் ஓடுவோர் பலர். வலி தொடர்ந்தால் ஓய்வும் தொடர வேண்டும். சில வாரங்கள் கழித்து மீண்டும் படம் எடுப்பதோ, காந்த அதிர்வுப் படம் எடுப்பதோ மருத்துவரின் முடிவுக்கு உரியது.

உணவுக் குறைவும் இம்முறிவுக்குத் துணை செய்கிறது. உழைப்பைக் கூட்டி உணவைக் கூட்டாத பெண்களுக்கு மாதவிடாய் தவறலாம். அது எலும்பு மெலிவதற்கான அறிகுறியாகக் கொள்ளத்தக்கது. 2019–21 ஆண்டுகளில் எடுக்கப்பெற்ற தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களுள் 57 விழுக்காட்டினர் இரத்தச் சோகை உடையவர்கள். பயிற்சி தொடங்கும் பெண்களின் உணவையும் இரத்த நிலையையும் களப்பணியாளர் முன்னரே கேட்டறிதல் நலம்.

கணுக்காலும் முழங்காலும்

கணுக்கால் மடங்கி வீங்கியவுடன், சுளுக்கா, முறிவா என்ற ஐயம் எழும். 1992-ஆம் ஆண்டில் கனடா நாட்டின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் இதற்கு எளிய விதியொன்றை வெளியிட்டனர். கணுக்காலின் இரு புறமும் புடைத்து நிற்கும் எலும்புகளின் நுனியையோ பின்விளிம்பையோ, நுனியிலிருந்து மேலே 6 சென்டிமீட்டர் வரை அழுத்தும்போது எலும்பில் வலித்தாலும், அடிபட்ட உடனும் பின்னரும் 4 அடி எடுத்து வைக்க இயலாவிட்டாலும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். பாதத்தின் வெளிவிளிம்பில், சுண்டுவிரலுக்கு நேர் பின்னே நடுப்பாதத்தில் புடைத்துள்ள எலும்பிலும், உள்விளிம்பில் பாத வளைவின் மேலுள்ள எலும்பிலும் வலி இருப்பின் அவ்வாறே செய்க. இவை எவையும் இல்லையெனில் முறிவு இருப்பது மிக அரிது. மருத்துவமனை தொலைவிலுள்ள ஊர்களில் இவ்விதி பெரிதும் பயன்படும்.

முழங்காலில் வீக்கம் எழும் நேரத்தைக் கவனித்தல் வேண்டும். காயம்பட்டு இரண்டு மணி நேரத்துக்குள் மூட்டு பருத்துவிட்டால், உள்ளே இரத்தம் கசிகிறது என்று கொள்ளலாம், பந்தகம் அறுந்திருக்கக்கூடும். மறுநாள் மெல்ல எழும் வீக்கம் பெரும்பாலும் அத்துணைக் கடுமையானதன்று. மூட்டு பாதி மடங்கிய நிலையில் சிக்கிக்கொண்டால் வலிந்து நீட்டலாகாது.

வளரும் பிள்ளைகள்

ஆசிரியர்கள் தனியே அறிய வேண்டியது ஒன்றுண்டு. பிள்ளைகளின் எலும்பு முனைகளில் வளர்ச்சிக்குரிய குருத்தெலும்புத் தட்டு உள்ளது. அது பந்தகத்தைவிட மென்மையானது. பெரியவர்க்குச் சுளுக்காக முடியும் அடி பிள்ளைகளுக்கு அத்தட்டில் முறிவாகலாம். முழங்காலுக்குச் சற்றுக் கீழே எலும்பு புடைத்து, குதிக்கும்போதும் மண்டியிடும்போதும் வலிப்பதை, 1903-இல் அமெரிக்காவில் ஆஸ்குட் என்பாரும் சுவிட்சர்லாந்தில் ஷ்லாட்டர் என்பாரும் தனித்தனியே விளக்கினர். விரைந்து வளரும் வயதில், தொடைத் தசையின் நாண் எலும்பை இழுப்பதால் இது நேர்கிறது. குதிகாலிலும் இதனை ஒத்த வலி வருவதுண்டு. வளர்ச்சி முடிந்ததும் இவை பெரும்பாலும் தாமே அடங்கும். அதுவரை குதிப்பையும் ஓட்டத்தையும் குறைத்துத் தருதல் ஆசிரியர் கையிலுள்ளது. வலியுள்ள பிள்ளையைச் சோம்பேறி என்று கடிந்துகொள்ளுதல் தகாது.

உயிருக்கு ஊறு செய்யும் அறிகுறிகள்

தசை அளவிறந்து சிதையுமாயின், அதிலுள்ள மயோகுளோபின் என்னும் புரதம் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைப் பழுதாக்கும். இரண்டாம் உலகப்போரில் லண்டன் மீது நிகழ்ந்த குண்டுவீச்சில் இடிபாடுகளின் கீழ் நசுங்கி மீட்கப்பட்டோர் சில நாள்களில் சிறுநீரகம் செயலற்று இறந்ததை பைவாட்டர்ஸ், பீல் என்னும் மருத்துவர்கள் 1941-இல் வெளியிட்டனர். கட்டடம் விழாமலே இந்நிலை வரும். பழக்கமில்லாத ஒருவர் நூற்றுக்கணக்கில் பஸ்கியோ தண்டாலோ எடுத்தால் போதும். தசை கல்லென வீங்கி, வலி பொறுக்கவொண்ணாததாகி, சிறுநீர் கட்டந்தேநீர் நிறத்தில் வெளியேறினால், அன்றே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். தண்டனையாகத் தோப்புக்கரணம் போடச் செய்வதாலும் இக்கேடு விளையும். பிள்ளைகளுக்கு உடல்சார்ந்த தண்டனை தருவதை 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்துள்ளது என்பதோடு இந்த உடலியல் காரணத்தையும் ஆசிரியர் நினைவிற்கொள்க.

வெப்பம் மற்றொரு பகை. 2024 ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் ஜார்க்கண்டு மாநிலத்தில் கலால் காவலர் பணிக்கு நடந்த உடற்தகுதித் தேர்வில் ஆடவர் 60 நிமிடங்களில் 10 கிலோமீட்டர் ஓட வேண்டியிருந்தது. அத்தேர்வில் பங்கேற்ற இளைஞருள் பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இறப்பு ஒவ்வொன்றின் காரணமும் ஒன்றாக இராது. ஆயினும் கடும் ஓட்டம் அறிகுறிகளைப் புறக்கணிக்க இடந்தராதது என்பதை அந்நிகழ்ச்சி நாடறியச் செய்தது. ஓடுபவர் தள்ளாடினாலும், உளறினாலும், முன்பின் முரணாக நடந்துகொண்டாலும் வெப்பத் தாக்கு என்றே கொள்க. அப்போது உடலின் உள்வெப்பம் 40 டிகிரி செல்சியசைக் கடந்திருக்கும். வியர்வை இருப்பதைக் கண்டு ஏமாறலாகாது. முதலில் குளிர்வித்தல், பின்னர் கொண்டு செல்லல் என்பதே முறை. நிழலில் கிடத்தி, உடல் முழுதும் தண்ணீரை இடைவிடாது ஊற்றி விசிறுக; தொட்டி இருப்பின், தலை நீருக்கு மேலே இருக்குமாறு தாங்கிக் கழுத்தளவு அமர்த்துக. நினைவிழந்தவர் வாயில் நீர் ஊற்றலாகாது. ஒருவர் குளிர்விக்கும்போதே மற்றொருவர் 108 ஊர்தியை அழைக்க வேண்டும்.

பயிற்சியின்போது நெஞ்சில் இறுக்கம், இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, மயக்கம், காரணமின்றி நெஞ்சு படபடத்தல் ஆகியவை தோன்றினால் வயது எதுவாயினும் உடனே நிறுத்துக. குடும்பத்தில் இளவயதில் திடீரென இறந்தோர் உண்டா என்பதைத் தொடக்கத்திலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

முதலுதவி

அண்மையில் நேர்ந்த சுளுக்குக்கும் தசைக் கிழிவுக்கும் முதல் இரண்டு மூன்று நாள்கள் ஓய்வு தந்து, நெகிழும் துணிப்பட்டையால் மிதமாகக் கட்டி, உறுப்பை உயர்த்தி வைக்க வேண்டும். பனிக்கட்டியைத் துணியில் சுற்றி 15 முதல் 20 நிமிடம் வைத்தால் வலி தணியும். காயத்தை விரைந்து ஆற்றும் ஆற்றல் அதற்கு உண்டென்று சொல்வதற்கில்லை. அந்நாள்களில் எண்ணெய் தேய்த்து அழுத்தி வழித்தலும், சூடு ஒத்தலும் உள்ளிருக்கும் கசிவை மிகுவிக்கும். மூங்கிற்சிம்பு வைத்து இறுகக் கட்டுவது இரத்தவோட்டத்தைத் தடுத்து, உறுப்பையே இழக்கச் செய்யலாம். கட்டியபின் விரல்கள் நீலம் பாரித்தாலும், குளிர்ந்தாலும், மரத்தாலும் கட்டை உடனே அவிழ்க்க வேண்டும். வலியை மறைக்க மாத்திரை விழுங்கிவிட்டு ஓடுவது பெருந்தவறு. அது எச்சரிக்கையை அடக்குமேயன்றிக் காயத்தை ஆற்றாது. உடலில் நீர் வற்றியிருக்கும்போது அத்தகைய மாத்திரைகளுள் பல சிறுநீரகத்துக்கும் கேடு செய்யும்.

எவ்வளவு கூட்டலாம்?

வாரத்திற்கு 10 விழுக்காடு வீதம் தொலைவைக் கூட்டினால் காயம் வராது என்றொரு விதி ஓட்டக்காரரிடையே வழங்குகிறது. நெதர்லாந்து நாட்டின் குரோனிங்கன் நகரில் புதிதாக ஓடத் தொடங்கிய 500-க்கு மேற்பட்டோரை இரு குழுவாக்கி இதனைச் சோதித்து, 2008-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். 10 விழுக்காட்டு விதியைப் பின்பற்றிய குழுவிலும், விரைந்து கூட்டிய குழுவிலும் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் காயமுற்றனர். இதனால் மெல்லக் கூட்டுவது வீண் என்று முடிவு செய்தலாகாது. கணக்கு மட்டும் காப்பாகாது, உடல் தரும் விடையையும் கேட்டே கூட்ட வேண்டும் என்பதே இதன் பொருள்.

ஆதலால் நடையும் ஓட்டமும் மாறி மாறி அமைத்துத் தொடங்குக. ஓடும் நாளுக்கு மறுநாள் ஓய்வோ வேறு பயிற்சியோ கொள்க. தொலைவையும் வேகத்தையும் ஒரே வாரத்தில் கூட்டற்க. மண்பாதை கிடைக்குமிடத்தில் தார்ச்சாலையை விட்டு மண்பாதையில் ஓடுக. மிதிபட்டுத் தட்டையான காலணியை மாற்றுக. காயத்தினின்று மீள்வோர் வலியின்றி விரைந்து நடக்க இயன்ற பின்னரே ஓடத் தொடங்க வேண்டும். ஓடிய மறுநாட்காலையில் வலி மிகவில்லையெனில் மட்டுமே அடுத்த அளவுக்குச் செல்லலாம்.

ஆசிரியரும் களப்பணியாளரும் தம் பொறுப்பிலுள்ளோர் ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு குறிப்பேடு வைத்து, ஓடிய தொலைவு, வலித்த இடம், மறுநாள் நிலை ஆகிய மூன்றையும் எழுதிவரச் செய்யலாம். வலி வளர்கிறதா, தேய்கிறதா என்பதை நினைவைவிட அவ்வேடு நேர்மையாகக் கூறும். தேர்வு நெருங்கும்போது வலியை மறைக்கவே இளைஞர் விரும்புவர். தேர்வு மீண்டும் வரக்கூடும் என்பதையும், முறிந்த எலும்புடன் ஓடியவர் அடுத்த தேர்வையும் இழக்க நேரும் என்பதையும் பயிற்சியின் முதல் நாளிலேயே எடுத்துரைத்துவிட்டால், வலி தோன்றும் நாளில் அவர்கள் அதனை மறைக்காது வந்து சொல்வர்.